செதுக்குதலும் சீவுதலும்: மரம் கற்பித்த சொற்பாடம்



இவ்வுரையை ஒரு பிழையிலிருந்து தொடங்குவோம். பிழை நம்முடையது. முனைவர் பட்டத்திற்கென நாம் எழுதிய ஆய்வேட்டில் தச்சுத் தொழிற்சொற்களைப் பற்றிய இயல் ஒன்று உண்டு. அதில் 'செதுக்கு', 'சீவு' என்னும் வினைகள் இரண்டையும் ஒருபொருள் குறித்த பல சொல் எனக் கொண்டு, இரண்டுக்கும் ஒரே விளக்கத்தை எழுதி வைத்தோம். தேர்வாளர் எவரும் மறுக்கவில்லை. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்விளக்கத்தை வகுப்பறைகளில் சொல்லியும் வந்தோம். பணி ஓய்வு பெற்று, ஜூரோங்கில் வீட்டருகே உள்ள சமூக மன்றம் ஒன்றில் மரச்செதுக்கு வகுப்பில் சேர்ந்தோம். மூன்றாம் வாரம் இடக்கை விரலில் நான்கு தையல் போட்டுக்கொண்டோம். அந்த வாரத்தில்தான் பிழை பிழையெனப் புலப்பட்டது.

மரச்செதுக்கை ஒரு பொழுதுபோக்காகக் கற்போருக்கு என்ன நேர்கிறது, எவ்வாறு கை தேர்கிறது என்பதே இன்றைய பொருள். பொழுதுபோக்கு என்னும் சொல்லே இங்குப் பொருந்துமா என்னும் ஐயம் நமக்கு உண்டு. உளியைக் கையில் எடுத்தவர்க்குப் பொழுது போவதில்லை, பொழுது போதுவதில்லை. ஆயினும் வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை இதையே வைத்துக்கொள்வோம்.

முதலில் மரத்தைப் பற்றி. மரத்தின் உயிரணுக்களில் மிகப்பெரும்பான்மை அடிமரத்தின் நெடுக்கு வாட்டத்தில் நீண்டு கிடப்பவை. வைக்கோற்போரைக் கட்டி நிறுத்தியது போன்ற அமைப்பு எனலாம். நெடுக்கே பிளந்தால் எளிதில் பிரியும். குறுக்கே அறுத்தால் ஒவ்வொரு தாளையும் தனித்தனியே வெட்டியாக வேண்டும். தமிழ் இவ்வேறுபாட்டை நன்கு அறியும். நெடுக்கே பிரிப்பதற்குப் 'பிள' என்றும் 'போழ்' என்றும் சொல்லுண்டு. குறுக்கே துண்டாக்குவதற்கு 'அறு', 'தறி' என்பன உண்டு. 'விறகு பிளந்தான்' என்போம். 'கிளையைப் பிளந்து வீழ்த்தினான்' என்று எவரும் சொல்வதில்லை, தறித்தான் என்றே சொல்வர்.

நார் ஓடும் திசையிலேயே உளி சென்றால் மேற்பரப்பு வழவழப்பாக வரும். எதிர்த்திசையில் சென்றால், உளியின் வாய் நார்களுக்கு அடியில் புகுந்து அவற்றை நெம்பி எழுப்பும்; வேண்டாத இடம்வரை மரம் பிய்ந்து வரும். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவுவதற்கும் வாலிலிருந்து தலையை நோக்கித் தடவுவதற்கும் உள்ள வேறுபாடு இது. தொடக்க நிலையினர் செய்யும் தவறுகளில் பாதி இவ்வொன்றினால் வருவது. மீதிப் பாதி மழுங்கிய உளியினால் வருவது. அதற்குப் பின்னர் வருவோம்.

ஜூரோங்கில் கற்பவர்க்கு இதில் ஒரு கூடுதல் இடர் உண்டு. மேலை நாட்டுக் கையேடுகள் பாஸ்வுட் எனப்படும் மென்மரத்தைப் பரிந்துரைக்கும். அதன் நார் நேராக ஓடும். கை பழகுவதற்கு உகந்தது. நமக்கு எளிதில் கிடைத்ததோ ஆங்சானா. 1967-இல் பூந்தோட்ட நகரத் திட்டம் அறிவிக்கப்பட்டபின் சிங்கப்பூர்ச் சாலையோரங்களில் பெருமளவில் நடப்பட்ட மரங்களுள் அது ஒன்று. பருத்த கிளையை வெட்டி நட்டாலும் வேர்விட்டு விரைவில் நிழல் தரும் என்பதே காரணம். தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி, இம்மரம் சங்கச் செய்யுள்களில் பயிலும் வேங்கையின் நெருங்கிய உறவு என்பது. இரண்டும் ஒரே பேரினம். வேங்கையைப் போலவே இதுவும் மஞ்சள் மலர்களைத் தரையெங்கும் உதிர்க்கும். வெட்டினால் இதன் பட்டையிலிருந்தும் குருதி போன்ற செந்நீர் கசியும். குறிஞ்சி நில மரத்தைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் அதன் தமக்கையின் நிழலில் நிற்கிறோம், மாணவரிடம் சொல்வதில்லை.

உறவு இனிது, செதுக்குவதற்கு அம்மரம் இனிதன்று. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் நார் ஓர் அடுக்கில் வலப்புறம் சாய்ந்தும் அடுத்த அடுக்கில் இடப்புறம் சாய்ந்தும் பின்னிக் கிடக்கும். ஆங்சானாவும் அத்தகையது, தூங்குமூஞ்சி மரமும் அவ்வாறே. ஒரு விரற்கடை அகலத்திற்குள் நார் திசை மாறிவிடுவதால், எப்பக்கமிருந்து உளியைச் செலுத்தினாலும் ஒரு பட்டை வழவழப்பாகவும் அடுத்த பட்டை பிய்ந்தும் வரும். நாம் முதல் இரு வாரங்கள் அத்தகைய துண்டொன்றில் போராடினோம். மூன்றாம் வாரம் பொறுமையிழந்து, இடக்கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் உளியை நம்மை நோக்கி இழுத்தோம். எதிர்நாரில் சிக்கிய உளி திடீரென விடுபட்டது. மருத்துவர் தையலிட்டவாறே, 'இந்த வயதில் இது தேவையா?' என்றார். மறுமொழி சொல்ல நமக்கு அப்போது இயலவில்லை.

வகுப்பு நடத்தியவர் அறைகலன் பட்டறையில் நெடுநாள் உழைத்து ஓய்வு பெற்ற சீனப் பெரியவர். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு வாரம் உளியைத் தொடவிடாமல் சாணைக்கல்லைக் கொடுத்தார். எவ்வளவு கூர்மையோ அவ்வளவு பாதுகாப்பு என்பது அவர் கொள்கை. கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும் காரணம் எளிது. மழுங்கிய உளிக்கு வலிமை மிகுதியாகத் தேவை. மிகுந்த வலிமையோடு செல்லும் உளி வழுக்கினால் எங்கே நிற்கும் என்று சொல்ல இயலாது. கூரிய உளி மெல்லிய அழுத்தத்தில் நகரும். நினைத்த இடத்தில் நிற்கும். உளியின் சாய்முகத்தை 20 முதல் 25 பாகைக்குள் வைத்து, ஆயிரம் எண் கொண்ட கல்லில் தீட்டி, அதனினும் நுண்ணிய கல்லில் மீண்டும் தீட்டி, இறுதியில் தோற்பட்டையில் பின்னோக்கி இழுத்துத் துடைக்க வேண்டும். கூர் வந்ததா என்பதை அறிய விரலைக் கொண்டு சோதிக்கலாகாது. மென்மரத்தின் குறுக்கு வெட்டு முகத்தில் ஒரு சீவல் எடுத்துப் பார்க்க வேண்டும். வெட்டிய இடம் மெழுகு பூசியதுபோல் மின்னினால் கூர் வந்தது. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் வரவில்லை. தமிழில் உளியின் வெட்டுமுனைக்கு 'வாய்' என்று பெயர். நன்கு தீட்டிய உளி மரத்தில் செல்லும்போது எழும் ஓசை வேறு, மழுங்கியதன் ஓசை வேறு. வாய் என்று பெயரிட்டவர் அவ்வோசையையும் எண்ணினாரா என்று கேட்கத் தோன்றும். சொற்பிறப்பியலில் இத்தகைய கற்பனைக்கு இடமில்லை என்பதை நாமே மாணவர்க்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம்.

அடுத்து அப்பெரியவர் மென்மரத் துண்டொன்றைக் கொடுத்து, ஒரே ஓர் இலையைப் புடைப்பாகச் செதுக்கச் சொன்னார். கருவிகள் மூன்றே: தட்டை வாய் உளி ஒன்று, வளைந்த வாய் உளி ஒன்று, சிறு கத்தி ஒன்று, கூடவே கொட்டாப்புளி. முதலில் இலையின் எல்லைக்கோட்டின்மேல் உளியைச் செங்குத்தாக நிறுத்தித் தட்டி நார்களை அறுத்துவிட வேண்டும். இது ஒரு கரை. பின்னர்ப் புறத்தேயிருந்து அக்கரையை நோக்கிச் சாய்வாக வெட்டி வந்தால், வெட்டு அங்கே வந்ததும் தானே நின்றுவிடும். இலைக்குள் பிய்ந்து செல்லாது. இவ்வொன்றைக் கைக்கொண்டாலே புடைப்புச் சிற்பத்தின் அரிச்சுவடி முடிந்தது எனலாம். பெரிய பகுதியைக் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி நீக்குகிறோம். சிறு சிறு சில்லுகளாக மரம் தெறிக்கிறது. வடிவம் வந்தபின் கொட்டாப்புளியை வைத்துவிட்டு, இரு கைகளாலும் உளியைப் பற்றி, மூச்சை அடக்கி ஒரே ஓட்டமாகத் தள்ளுகிறோம். ஏடுபோல் மெல்லிய சுருள் எழுகிறது. இரண்டு கைகளும் எப்போதும் உளிவாய்க்குப் பின்னேயே இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுவோம். நான்கு தையல் கொடுத்து வாங்கிய அறிவு அது.

மேசையில் இரண்டு குவியல்கள் கிடந்தன. ஒன்றில் சில்லுகள், மற்றொன்றில் சுருள்கள். முன்னதைச் செதுக்கியெடுத்தோம், பின்னதைச் சீவியெடுத்தோம். நம் ஆய்வேடு இரண்டையும் ஒரே குவியலாக்கியிருந்தது.

இங்கே ஒரு பழைய காட்சியைச் சொல்ல வேண்டும். ஆய்வு மாணவராக இருந்தபோது, ஒலிப்பதிவுக் கருவியோடு அரும்பாவூருக்குச் சென்றிருந்தோம். பச்சைமலைப் பகுதியைச் சார்ந்த அவ்வூர் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 1995-இல் தான் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. தேர்களுக்கும் கோயில் வாகனங்களுக்கும் உருவங்கள் செய்யும் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. வாகை மரத்தில் அவர்கள் செய்யும் சிற்பங்கள் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றன. மறு ஆண்டு கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் பெற்றது. அன்றைக்கு அக்குறியீட்டை யார் அறிவார்? முதிய சிற்பி ஒருவரிடம், 'ஐயா, செதுக்குறதுக்கும் சீவுறதுக்கும் என்ன வேறுபாடு?' என்று கேட்டோம். அவர் விளக்கவில்லை, உளியையும் ஒரு மரத்துண்டையும் நீட்டினார். 'காதுல கேட்டா வராது தம்பி, கையில வாங்கிப் பாருங்க' என்றார். பேருந்துக்கு நேரமாகிறது என்று சொல்லி வாங்க மறுத்தோம். அவர் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அச்சிரிப்பு ஒலிநாடாவில் பதிவாகியிருந்தது. அதன்பின் சில நிமிடங்கள் வெறும் தட்டும் ஓசை. அதனைப் 'பயனற்ற பகுதி' என்று குறித்து வைத்தோம். அவர் அந்நேரத்தில் நமக்காகவே முதலில் செதுக்கியும் பின்னர்ச் சீவியும் காட்டியிருக்கலாம். ஓசையைக் கேட்டு வேறுபாட்டை அறியும் செவி அப்போது நமக்கில்லை. இன்று கேட்டால் தெரியும். நாடா இன்றில்லை.

இனிச் சொற்களுக்கு வருவோம். குவியல்களைக் கண்ட அன்றிரவு நாம் எழுதிய முதல் விளக்கம் இது: 'சீவுதல் என்பது நார் ஓடும் திசையில் மெல்லியதாக நீக்குதல்.' தலை சீவுதலும் இதற்கு இயைந்தது. மயிர்க்கற்றை ஓடும் திசையிலேயே சீப்புச் செல்கிறது. பென்சில் சீவுகிறோம், மரத்தின் நெடுக்கிலேயே சீவுகிறோம். எவரும் பென்சிலைச் செதுக்குவதில்லை. விளக்கம் அழகாக அமைந்தது என்று மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சி காலைவரை நீடித்தது. பனையேறிகள் பாளை சீவுகின்றனர். பாளையின் நுனியைக் குறுக்கேதான் சீவுகின்றனர், நெடுக்கே அன்று. இளநீர்க் கடைக்காரர் காயின் தலையைச் சீவுவதும் நாரின் திசை பார்த்து அன்று. பாக்குச் சீவலும் அவ்வாறே. ஆகவே நாரின் திசை இச்சொல்லின் பொருளுக்கு இன்றியமையாதது அன்று. எல்லாவற்றிலும் பொதுவாக நிற்பது எது? இடையறாத ஒரே வீச்சு. சீவும்போது கருவி ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிகிறது. நீங்குவது ஏதேனும் இருந்தால் முழு ஏடாக நீங்குகிறது. தலைவாரும்போது ஒன்றும் நீங்குவதில்லை. ஆயினும் வீச்சு உண்டு. சண்டையில் 'தலையைச் சீவிவிடுவேன்' என்பவனும் ஒரே வீச்சையே கருதுகிறான்.

செதுக்குதலிலோ வீச்சு இல்லை. அடுக்கடுக்கான சிறு வெட்டுகள் உள்ளன. புல் செதுக்குபவர் மண்வெட்டியால் தரையின் மேற்பரப்பைச் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுக்கிறார். கல்லில் எழுத்துச் செதுக்குவோரும் அங்ஙனமே. ஒவ்வொரு வெட்டும் சிறிது. அவை சேர்ந்து ஒரு வடிவம். எழுத்தாளர் தம் நடையைச் செதுக்கினார் என்கிறோம், சீவினார் என்பதில்லை. இவ்வெடுத்துக்காட்டுகளில் ஒன்றேனும் நமக்குப் புதிதன்று. பென்சிலும் பாளையும் புல்லும் இளமையிலேயே அறிந்தவை. சொற்கள் நாவில் இருந்தன, தரவு கண்முன் இருந்தது, வேறுபாடு மட்டும் தோன்றவில்லை.

ஏனைய வினைகளையும் இவ்வழியே நோக்கலாம். 'கடை' என்பது தயிருக்கும் உரியது, கடைசல் மரத்துக்கும் உரியது, சுழற்சியே பொது. தயிரில் மத்துச் சுழல்கிறது, கடைசற்பட்டறையில் மரமே சுழல்கிறது. 'குடை' என்பது உள்ளீட்டை நீக்கிக் குழிவாக்குதல். வண்டு மரத்தைக் குடைவதும் அதுவே. 'இழை' என்னும் வினை இழைப்புளிக்குப் பெயர் தந்தது. சந்தனத்தைக் கல்லில் இழைப்பதும் அதே சொல்தான். மேற்பரப்போடு ஒட்டி உராய்ந்து செல்லுதல் இரண்டிலும் உண்டு. 'கொத்து' என்பதைப் பறவையின் அலகிடமே கேட்கலாம்.

பெயர்ச்சொற்களுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். மரத்தின் உள்வயிரத்தைக் 'காழ்' என்பது பழைய வழக்கு. 'வைரம் பாய்ந்த கட்டை' என்பது இன்றைய வழக்கு. தொல்காப்பியம் மரபியலில், புறத்தே காழ் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் பகுத்திருப்பதை நாம் அறிவோம். இதனைப் பாடமாக ஒப்பிக்கும் மாணவர்க்கு அது ஒரு வகைப்பாட்டு நூற்பா. உளி பிடித்தவர்க்கு அது பட்டறை அறிவு. பனை, தென்னை, மூங்கில் முதலியவற்றில் புறப்பகுதி இரும்பு போலவும் உட்பகுதி சோறு போலவோ வெற்றிடமாகவோ இருக்கும். வீட்டுக் கூரைக்குப் பனையைப் போழ்ந்து சட்டம் எடுப்போர் வெளிவளையத்தையே கொள்வதும், செதுக்குவோர் வாகையிலும் தேக்கிலும் வெளிறாகிய வெளிப்பகுதியைக் கழித்து நடுவைக் கொள்வதும் இதனால்தான். இவ்வேறுபாட்டை இலக்கண நூலிற்கு ஈந்தவர்கள் கோடரி ஏந்திய கையினராகவே இருந்திருப்பர் என்பது நம் கருத்து. புறநானூற்றில் ஒளவையார், எங்குச் சென்றாலும் பிழைக்கவல்ல தம் நிலைக்குத் தச்சனின் கைதேர்ந்த சிறுவர்களையே உவமை கொள்கிறார். மழுவோடு அவர்கள் காட்டிற்குள் சென்றால் வேண்டியது எங்கும் கிடைக்கும் என்பது கருத்து. புலமைக்குக் கைத்தொழிலை ஒப்பிடுவதில் அவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

தொழிற்சொற்களைத் தொகுப்பதில் நம் அண்டை மொழி முந்திக்கொண்டது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கு வேளாண் சொற்களை 1962-இலும், நெசவுச் சொற்களை 1971-இலும் வட்டாரவாரியாகத் தொகுத்து வெளியிட்டார். தமிழில் கி. ராஜநாராயணனின் கரிசல் வழக்கு அகராதி 1982-இல் வந்தது. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-இல் வந்தது. இவை போற்றத்தக்க முயற்சிகள். ஆயின் சொல்லைத் தொகுப்பவர் அத்தொழிலில் ஒரு நாளேனும் கை வைத்துப் பார்த்தால், பொருள் விளக்கத்தில் எத்தனை வரிகள் மாறும் என்பதை நம் ஆய்வேட்டின் அந்த ஒரு பக்கமே காட்டும்.

சிங்கப்பூரில் இதற்கு வேறொரு முகமும் உண்டு. நம் வகுப்பில் கருவிகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் ஒலித்தன. அருகில் அமர்ந்த மலாய் நண்பர் செதுக்குதலை 'உக்கிர்' என்றும் உளியைப் 'பாஹாட்' என்றும் கூறி நமக்குக் கற்பித்தார். உளி என்றும் கொட்டாப்புளி என்றும் நாமும் அவருக்குச் சொன்னோம். கொட்டாப்புளி என்னும் சொல்லின் ஓசை அவரைப் பெரிதும் மகிழ்வித்தது. இப்போது அவ்வகுப்பில் இனம் பாராமல் அனைவரும் அதைக் கொட்டாப்புளி என்றே கேட்டு வாங்குகின்றனர். அதே வாரத்தில், வீட்டுக்கு வந்த உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தியிடம் அக்கருவியைக் காட்டிப் பெயர் கேட்டோம். 'மர சுத்தியல்' என்றாள். தவறென்று சொல்ல மாட்டோம்; நல்ல தமிழே. ஆனால் கொட்டாப்புளியை அவள் கேட்டதே இல்லை, கேட்பதற்கு அவளுக்கு ஓரிடமும் இல்லை.

இனிக் கை தேர்தலைப் பற்றிச் சில. முதல் ஆண்டில் நாம் செய்தது அந்த ஓர் இலையையே. பதினொரு இலைகள். ஒவ்வொன்றின் பின்புறமும் நாளைக் குறித்து வைத்தோம். பிழைபட்டதை எறியவில்லை. நான்காவதில் நரம்பு பிய்ந்திருக்கும். ஆறாவதில் கரை ஆழமாகிவிட்டது. ஏழாவது நான்காவதைவிடவும் மோசம், அன்றைக்கு உளியைத் தீட்டச் சோம்பியது காரணம். வரிசையாக அடுக்கிப் பார்த்தால் வளர்ச்சி நேர்கோடாக இல்லை என்பது தெரியும். புதுப்புது உருவங்களைத் தாவித் தாவிச் செய்பவர்க்கு இந்த ஒப்பீடு கிடைப்பதில்லை. எது மரத்தின் குற்றம், எது கையின் குற்றம் என்று பிரித்தறிய வழியில்லை. உளிகளைத் தொகுதி தொகுதியாக வாங்குவதும் வேண்டா. இரண்டாம் ஆண்டில்தான் நாம் நான்காவது உளியை வாங்கினோம். அதையும் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை.

அடுக்குமாடி வீட்டில் வாழ்வோர்க்குத் தட்டும் ஓசை ஒரு சிக்கல். மேசைமேல் தடித்த ரப்பர் விரிப்பிட்டு அதன்மேல் மரத்தைப் பிணைத்தால் ஓசை குறையும். இரவில் செதுக்குதலை விட்டுச் சீவுதலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கீழ்வீட்டு அம்மையார் அவ்வாறே நமக்கு ஆணையிட்டுள்ளார். அவர் தமிழர் அல்லர். ஆயினும் அவ்விரு வினைகளின் வேறுபாட்டை நம் தேர்வாளர்களைவிட நன்கறிவார்.

வகுப்பறையில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வோம். உளி வேண்டா. ஆளுக்கொரு சவர்க்காரக் கட்டியும் மழுங்கிய மரக்கத்தியும் போதும். முதலில் செதுக்கச் சொல்லுங்கள், பின்னர்ச் சீவச் சொல்லுங்கள், வேறுபாட்டை மாணவரே எழுதட்டும். ஜூரோங் பள்ளியொன்றில் இதனைச் செய்தபோது ஒரு சிறுவன் எழுந்து, 'ஐயா, அப்ப உருளைக்கிழங்குத் தோலை என்ன செய்யுறோம்?' என்று கேட்டான். சீவுகிறோம் என்றோம். 'அம்மா உரிக்கணும்னு சொல்வாங்களே' என்றான். வேகவைத்த கிழங்கையா, பச்சைக் கிழங்கையா என்று அம்மாவிடம் கேட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். விடை இன்னும் வரவில்லை.